காற்றில்லாக் கலனில் குருணை கெடும்போது: அறிகுறி வழியே பிழை தேடும் முறை

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் சிலவற்றில், மரவள்ளிக்கிழங்கை அரைத்து மாவைப் படியவிட்ட பின் வடியும் நீர், காற்றுப் புகாத உயரமான கலன் ஒன்றுக்குள் அடிவழியே செலுத்தப்பட்டு, எரிவாயுவாகவும் ஓரளவு தெளிந்த நீராகவும் பிரிந்து வெளியேறுகிறது. யூ.ஏ.எஸ்.பி. என்று பெயர் பெற்ற இந்த மேல்நோக்குக் கலனில் வேலை முழுவதையும் செய்வது, அடியில் இரண்டு மூன்று மீட்டர் உயரத்துக்குக் கிடக்கும் கருநிறச் சேறு. நல்ல நிலையில் அந்தச் சேறு கூழாக இராமல், அரை மில்லிமீட்டர் முதல் மூன்று மில்லிமீட்டர் வரை குறுக்களவுள்ள உருண்டைகளாகத் திரண்டிருக்கும். ஆலைகளில் இதைக் கிரானுல் என்பார்கள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் கறுத்த ரவையையோ நொய்யையோ நினைவூட்டுவதால் நான் குருணை என்றே எழுதுகிறேன்.

குருணை எப்படித் திரள்கிறது என்பதைச் சுருக்கமாகவேனும் அறியாமல் அது ஏன் கெட்டது என்று தேட முடியாது. மாவுச்சத்தை உடைத்து அமிலமாக்கும் பாக்டீரியாக்கள், அந்த அமிலங்களை அசெட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றுபவை, இவ்விரண்டையும் உண்டு மீத்தேனை வெளியிடும் ஆர்க்கியாக்கள் (பாக்டீரியாவைப் போன்ற வேறொரு நுண்ணுயிர் இனம்) என மூன்று கூட்டங்களும் ஒன்றின் கழிவை மற்றொன்று உண்டு வாழ்வதால், நெருங்கி இருப்பதே அவற்றுக்கு ஆதாயம். அவற்றுள் மீத்தனோத்ரிக்ஸ் என்னும் இழைவடிவ ஆர்க்கியா, அசெட்டிக் அமிலம் மிகக் குறைவாக உள்ள நீரிலும் பிழைக்கவல்லது; அதன் இழைகள் பின்னிக்கொள்வதே குருணையின் எலும்புக்கூடு. அமிலம் மிகுந்த நீரில் செழிக்கும் மீத்தனோசார்சினா திரள்வதோ பொலபொலவென்ற கட்டிகளாகத்தான். இதனுடன் மேல்நோக்கி ஓடும் நீர் ஒரு முறத்தைப்போல் வேலை செய்கிறது: லேசானதை வெளியே தள்ளி, கனமானதை உள்ளே நிறுத்துகிறது. நல்ல குருணை மணிக்கு 20 முதல் 80 மீட்டர் வேகத்தில் படியும். உதிரிச் சேறு அந்த வேகத்தின் அருகிலும் வராது.

வால்வைத் தொடும் முன் இரண்டு கேள்விகள்

ஆலையிலிருந்து வரும் புகார் பெரும்பாலும் வெளிநீரைப் பற்றியதாகவே இருக்கும்: கலங்குகிறது, நாறுகிறது, சி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவை, அதைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனால் அளக்கும் எண்) ஏறிவிட்டது. ஆனால் வெளிநீர் சொல்வது சில நாள்களுக்கு முன் தொடங்கிய கதையின் கடைசிப் பகுதியை மட்டுமே. எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: கலனுக்குள் சேறு போதுமான அளவு இருக்கிறதா, இருக்கும் சேறு உயிரோடு இருக்கிறதா. சேறு குறைந்ததற்குச் செய்யும் மருத்துவத்தைச் சேறு செத்ததற்குச் செய்தால் நிலைமை மேலும் மோசமாகும் என்பதை நான் பட்டே அறிந்தேன்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். அடிப்பரப்பு 80 சதுர மீட்டர், நீர் உயரம் 5 மீட்டர், ஆகக் கொள்ளளவு 400 கன மீட்டர் உள்ள ஒரு கலனுக்கு நாளொன்றுக்கு 300 கன மீட்டர் நீர், லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் சி.ஓ.டி.யுடன் வருகிறது என்று கொண்டால், அன்றாடச் சுமை 1,800 கிலோ. கலனில் எரியக்கூடிய திடப்பொருள், அதாவது 550 பாகை உலையில் பறந்துபோகும் உயிர்ப்பகுதி, 6,000 கிலோ இருந்து, அதில் ஒவ்வொரு கிலோவும் நாளொன்றுக்கு 0.4 கிலோ சி.ஓ.டி.யை மீத்தேனாக்கினால், கலனின் வலிமை 2,400 கிலோ, கவலையில்லை. சேறு வழிந்தோடிப் பாதியாகிவிட்டால் வலிமை 1,200 ஆகும். சேறு அப்படியே இருந்து அதன் ஆக்கத்திறன் 0.25க்கு இறங்கினால் 1,500 ஆகும். இரண்டு வகையிலும் அமிலம் தேங்கும், பி.எச். இறங்கும், வாயு குறையும். வெளிநீரை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே நோயாகத் தெரியும்.

முதல் கேள்விக்கு விடை, கலனின் பக்கவாட்டில் மீட்டருக்கு ஒன்றாக உள்ள மாதிரிக் குழாய்களில் கிடைக்கும். ஒவ்வொன்றையும் திறந்து, தேங்கியதை முதலில் வெளியேற விட்டு, பின்பு ஒரு லிட்டர் அளவுருளையில் பிடித்து, மொத்தத் திடப்பொருளையும் எரியும் பகுதியையும் அளந்து, உயரவாரியாகக் கூட்டினால் சேற்றின் இருப்பு வந்துவிடும். இரண்டாம் கேள்விக்கு ஒரு லிட்டர் புட்டி போதும்: அளந்த சேறு, லிட்டருக்கு 2 கிராம் சி.ஓ.டி. அளவுக்குச் சோடியம் அசெட்டேட், சிறிது சோடா உப்பு (சோடியம் பைகார்பனேட்), 30 பாகை வெப்பம். வெளிவரும் வாயுவைக் காஸ்டிக் சோடாக் கரைசல் நிறைந்த இரண்டாம் புட்டி வழியே செலுத்தினால் கரியமில வாயு அதில் கரைந்துவிடும். மீத்தேன் தள்ளி வெளியேற்றும் கரைசலை அளந்தால் ஆக்கத்திறன் தெரியும். அந்த வெப்பநிலையில் ஏறத்தாழ 390 மில்லிலிட்டர் மீத்தேன் ஒரு கிராம் சி.ஓ.டி.க்குச் சமம். நகரச் சாக்கடையின் செரித்த சேறு 0.2ஐத் தாண்டுவது அரிது. நல்ல குருணை 0.5க்கு மேல் காட்டும்.

இவற்றுக்கும் முன்பாக, செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு. வெள்ளை எனாமல் தட்டில் ஒரு கரண்டி சேற்றை ஊற்றி, நீர் விட்டு அலசி, தட்டைச் சாய்த்துப் பாருங்கள். நல்ல குருணை தட்டில் உருண்டு ஓடி, ஓரத்தில் சேரும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் உருட்டினால் வழுக்கும், சற்று அழுத்தத்தைத் தாங்கி, பிறகே நசுங்கும். நசுங்கும்போது உள்ளே வெற்றிடமா, சாம்பல் நிறக் கூழா, மணலா என்று கவனியுங்கள். இந்தத் தட்டைப் பார்க்காமல் எழுதப்பட்ட ஆலோசனை அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

மாதிரி எடுப்பவர் ஒன்றை மறக்கக்கூடாது. கலனின் மேல்மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதும், காலியான கலனுக்குள் இறங்குவதும் உயிரைப் பறிக்கும். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு, பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கின் மோப்பத்தையே மழுங்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்பதால் வாயு போய்விட்டதாகக் கொள்ளக்கூடாது. வாயு அளக்கும் கருவியும், காற்றோட்டமும், வெளியே கயிற்றுடன் நிற்கும் இருவரும் இல்லாமல் எவரையும் உள்ளே அனுப்பாதீர்கள்.

அறிகுறி: மாதங்கள் கடந்தும் சேறு குருணையாகவில்லை

சாணக் கரைசலையோ சாக்கடைச் சேற்றையோ இட்டுத் தொடங்கிய கலனில் குருணை கண்ணுக்குத் தெரியவே மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகலாம். அதற்குள் பதறுவதில் பொருளில்லை. அந்தக் காலம் கடந்தும் தட்டில் கூழே தெரிந்தால், நான் முதலில் பார்ப்பது மேல்நோக்கு வேகத்தை. மேலே சொன்ன கலனையே எடுத்துக்கொண்டால், நாளுக்கு 300 கன மீட்டர் என்பது மணிக்கு 12.5 கன மீட்டர். அதை 80 சதுர மீட்டரால் வகுத்தால் வேகம் மணிக்கு 0.16 மீட்டர்தான். முறத்தைப் புடைக்காமல் வைத்துக்கொண்டு பதர் ஏன் போகவில்லை என்று கேட்பதைப் போன்றது இது. அடர்த்தியான கழிவுநீர் வரும் ஆலைகளில் எல்லாம் இந்தச் சிக்கல் உண்டு. வெளிநீரில் ஒரு பகுதியை, மணிக்கு 27 அல்லது 28 கன மீட்டர் வீதம், மீண்டும் அடிக்குத் திருப்பிவிட்டால் வேகம் 0.5ஐ எட்டும், உள்ளே வரும் அமிலநீர் நீர்த்துப்போவதும், வெளிநீரின் காரத்தன்மை திரும்பக் கிடைப்பதும் கூடுதல் பயன்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, வழிந்தோடும் சேற்றை யாராவது பிடித்து மீண்டும் கலனில் ஊற்றுகிறார்களா என்பது. நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறு இது. தொடக்க மாதங்களில் லேசான சேறு வெளியேறத்தான் வேண்டும். ஒரு கன மீட்டர் கொள்ளளவுக்கு நாளுக்கு 2 முதல் 5 கிலோ சி.ஓ.டி. என்ற சுமைக் கட்டத்தில் இந்த வெளியேற்றம் உச்சத்தை அடைவதும், அதே வேளையில் அடிப்பகுதியில் முதல் குருணைகள் தோன்றுவதும் வழக்கம். வெளியேறியதைத் திருப்பி ஊற்றினால், கனமான துணுக்குகளின் மேல் வளர வேண்டிய உயிர்கள் லேசானவற்றின் மேல் வளர்ந்து அவற்றுடனேயே போய்விடும்.

இவ்விரண்டும் சரியாக இருந்தால், சந்தேகம் திப்பியின் மேல் விழ வேண்டும். அரைவையில் பிரியும் நாரும், படியாமல் தப்பிய மாவும் கலனுக்குள் வந்தால், அவை செரிக்கத் தாமதித்து, உயிருள்ள சேற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. உள்ளே வரும் நீரை இம்ஹாஃப் கூம்பில் (படிவை அளக்கும், அளவுக் கோடிட்ட கூம்பு) அரைமணி நேரம் வைத்தால் அடியில் வெள்ளையாக எவ்வளவு படிகிறது என்பது தெரியும். அது நாள்தோறும் தொடர்ந்தால், பிழை கலனில் இல்லை, அதற்கு முன்னால் உள்ள சல்லடையிலும் படிவுத் தொட்டியிலும் இருக்கிறது.

சுமை மிகக் குறைவாக இருப்பதும் குருணையைத் தடுக்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஒரு கிலோ எரியும் திடப்பொருளுக்கு நாளுக்கு 0.1 கிலோ சி.ஓ.டி. என்று தொடங்குவது சரி. ஆனால் வெளிநீரில் அமிலம் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குக் கீழே பல நாள் நிலைத்திருந்தும் சுமையை ஏற்றாமல் அஞ்சிக் காத்திருந்தால் வளர்ச்சியும் இராது, வாயுக் குமிழிகளின் கலக்கலும் இராது. மாறாக, அமிலம் 500, 800 என்று நிற்கும்போதே சுமையை ஏற்றுபவர், இழைவடிவ மீத்தனோத்ரிக்ஸைத் தோற்கடித்துப் பொலபொலத்த கட்டிகளை வளர்க்கிறார். நீரில் கால்சியம் லிட்டருக்கு 80 முதல் 150 மில்லிகிராம் வரை இருப்பது குருணை கட்ட உதவும். மிகையாக இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

ஊட்டத்தையும் பாருங்கள். மரவள்ளி நீரில் மாவுச்சத்து மிகுதி, நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைவு. அமிலமாகாத மாவுநீருக்கு 350 பங்கு சி.ஓ.டி.க்கு 5 பங்கு நைட்ரஜன், 1 பங்கு பாஸ்பரஸ் என்பது பழகிய அளவு. யூரியாவும் பாஸ்பாரிக் அமிலமும் இந்தக் குறையைத் தீர்க்கும். இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகியவை மிகச் சிறிய அளவில் தேவை. மீத்தேன் ஆக்கும் நொதிகள் இவையின்றி வேலை செய்யா.

அறிகுறி: குருணை மேலே வந்து மிதக்கிறது

"சார், ஸ்லட்ஜ் எல்லாம் மேல வந்து நிக்குது" என்று தொலைபேசியில் சொல்லும் குரலில் உள்ள பதற்றம் நியாயமானது. நான்கைந்து மாத உழைப்பு ஒரே வாரத்தில் வழிந்தோடிவிடக்கூடும். ஆனால் மிதப்பதற்குக் காரணங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. எனவே மிதப்பதை ஒரு கண்ணாடிக் குவளையில் அள்ளி, நீர் விட்டு, குச்சியால் மெதுவாகக் கலக்கி, ஐந்து நிமிடம் காத்திருங்கள்.

கலக்கியதும் குமிழி விட்டுவிட்டு அடியில் படிந்தால், குருணையில் குறையில்லை. அதன் மேல் ஒட்டிய வாயு வெளியேற வழி கிடைக்கவில்லை என்று பொருள். சுமை திடீரென்று ஏறியதா, வாயு சேரும் கூரையின் கீழ் நுரைக்கட்டு அடைத்திருக்கிறதா, சில நாள் நிறுத்திவிட்டு முழுச் சுமையில் மீண்டும் தொடங்கினார்களா என்று பாருங்கள். சுமையைப் பாதியாக்கி, கட்டியிருக்கும் நுரைப்படலத்தை நீர் பீய்ச்சி உடைத்தாலே பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் குருணை இறங்கிவிடும்.

கலக்கிய பின்னும் மிதந்தால், ஒரு பெரிய குருணையைப் பிளேடால் நறுக்குங்கள். நடுவில் குழி இருந்தால், அது மூன்று மில்லிமீட்டரைக் கடந்து வளர்ந்து, உள்ளே உணவு எட்டாமல் நடுப்பகுதி பட்டினியால் சிதைந்து, அந்த வெற்றிடத்தில் வாயு தேங்கிய முதிர்ந்த குருணை. இந்த வகை கொஞ்சம் வெளியேறுவது இயல்பு; அடிப்பகுதி முழுவதும் இப்படியிருந்தால் நீண்ட நாள் சுமை போதாமல் கிடந்திருக்கிறது என்று கொள்ளலாம். பழைய சேற்றில் ஒரு பகுதியை வெளியேற்றிவிட்டு, சுமையைப் படிப்படியாக உயர்த்துவதே வழி.

மூன்றாவது வகைதான் சேகோ ஆலைகளில் நான் மிகுதியாகக் காண்பது. குருணையின் மேல் வெண்மையான, பஞ்சுபோன்ற, தொட்டால் கோழையாய் வழுக்கும் ஒரு போர்வை படர்ந்திருக்கும். விரலால் துடைத்தால் உள்ளே பழைய கருங்குருணை அப்படியே இருக்கும். கலனுக்குள் புதிய மாவுநீர் அமிலமாகாமல் நேரடியாக வரும்போது, வேகமாக வளரும் அமில பாக்டீரியாக்கள் குருணையின் மேற்பரப்பிலேயே தங்கிப் பெருகுவதால் உண்டாவது இது. அமில பாக்டீரியாவின் பெருக்கம் மீத்தேன் ஆக்கிகளினுடையதைவிடப் பல மடங்கு வேகமானது. இடம் கொடுத்தால் ஊரைப் பிடித்துக்கொள்ளும். தீர்வு, கலனுக்கு முன்னால் உள்ள சமன்தொட்டியில் நீரை ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் நிறுத்தி, மாவுச்சத்தில் ஒரு பகுதி அங்கேயே அமிலமாக இடம் தருவது. முழுவதையும் அமிலமாக்கிவிடக்கூடாது, குருணையைக் கட்டும் பிசினை உண்டாக்குவதில் அமில பாக்டீரியாக்களுக்கும் பங்குண்டு. அதேபோல், சமன்தொட்டியில் வளர்ந்த அமில பாக்டீரியாக் கலங்கலை அப்படியே கலனுக்குள் தள்ளுவதும் அதே பஞ்சுப் போர்வையைத் தரும். தொட்டியின் அடிப்படிவை வாரம் ஒருமுறையாவது வெளியேற்றுங்கள்.

எண்ணெய், கொழுப்பு கலந்த கழிவுநீர் வரும் பால் பண்ணை, இறைச்சி ஆலைகளில் நான்காவது வகை ஒன்று உண்டு: நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்கள் குருணையைப் போர்த்தி மிதக்கவைப்பதோடு அதன் உணவு வழியையும் அடைத்துவிடும். சேகோவில் இது வராது.

அறிகுறி: பி.எச். இறங்குகிறது, அமிலம் ஏறுகிறது

பி.எச். இறங்கியதைக் கண்டு விழிப்பவர் ஏற்கெனவே தாமதித்துவிட்டவர். வெளிநீரில் கொழுப்பமிலத்துக்கும் (அசெட்டிக் அமிலமும் அதன் இனத்தவையும்) காரத்தன்மைக்கும் (அமிலத்தைத் தாங்கும் திறன்) உள்ள விகிதத்தை நாள்தோறும் பார்ப்பவருக்கு எச்சரிக்கை முன்னதாகவே கிடைக்கும்: 0.3 வரை நலம், 0.4ஐக் கடந்தால் சுமையை நிறுத்திவைத்து யோசிக்க வேண்டும், 0.8ஐ நெருங்கினால் கலன் விழப்போகிறது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. காரத்தன்மையைப் பி.எச். 4.3 வரை அமிலம் சேர்த்து அளந்தால், கொழுப்பமில உப்புகளும் காரத்தன்மையாகவே கணக்கில் வந்து, நிலைமை நன்றாக இருப்பதாகக் காட்டிவிடும். 5.75 வரை அளந்த காரத்தன்மையைத் தனியாகக் குறித்து வையுங்கள். உண்மையில் தாங்கும் பைகார்பனேட் அதுதான்.

விகிதம் ஏறிவிட்டால் உள்ளே வரும் நீரை அன்றே பாதியாக்குங்கள், 0.8 என்றால் முழுவதுமாக நிறுத்துங்கள். திருப்பிவிடும் நீரை நிறுத்தாதீர்கள். பிறகு சோடா உப்பு. ஒரு கிலோ சோடா உப்பு, கால்சியம் கார்பனேட் கணக்கில் 0.6 கிலோ காரத்தன்மையைத் தரும்; எடுத்துக்காட்டுக் கலனின் 400 கன மீட்டர் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் உயர்த்த 200 கிலோ காரத்தன்மை, அதாவது ஏறத்தாழ 335 கிலோ சோடா உப்பு வேண்டும். அதைத் திருப்பிவிடும் நீரில் கரைத்து ஒரு நாள் முழுவதும் பரப்பிக் கொடுங்கள்.

விலை குறைவு என்பதால் சுண்ணாம்பை அள்ளிப் போடுவதுதான் நடைமுறையில் நடப்பது. சமன்தொட்டியில் அளவோடு சேர்ப்பதில் தவறில்லை. கலனுக்குள் நேராக ஊற்றினால், அது கரைந்திருக்கும் கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து, குருணைக்கு ஓடு போர்த்தும்; வாயுவிலிருந்தும் கரியமிலம் உறிஞ்சப்படுவதால் வாயுப் பையில் உள்ளழுத்தம் சரிந்து, காற்று உள்ளே இழுக்கப்படவும் கூடும். காற்று கலந்த மீத்தேன் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

காரம் சேர்ப்பது நேரத்தை வாங்கித் தருமே தவிர, காரணத்தைத் தீர்க்காது. அமிலம் ஏறியது சுமை மிகுந்ததாலா, சேறு குறைந்ததாலா, சேறு செத்ததாலா என்பதை அந்த இடைவெளியில் மேற்சொன்ன இரண்டு அளவுகளால் கண்டுபிடித்தாக வேண்டும்.

அறிகுறி: பி.எச். நன்றாகவே இருக்கிறது, வாயு மட்டும் விழுந்துவிட்டது

முதலில் சோப்பு நீரைக் கையில் எடுங்கள். வாயுக் குழாயின் இணைப்புகள், நீர்ப்பூட்டு, அளவியின் உள்ளே தேங்கிய நீர் ஆகியவற்றைப் பார்க்காமல் நுண்ணுயிரைக் குறை சொல்வது எளிதில் நிகழும் தவறு. எதிர்பார்க்க வேண்டிய அளவு கணக்கில் தெளிவாக உண்டு: நாளுக்கு 1,500 கிலோ சி.ஓ.டி. அகற்றப்பட்டால், கிலோவுக்கு 0.35 கன மீட்டர் வீதம் 525 கன மீட்டர் மீத்தேன் வரவேண்டும். அந்த அளவு பூஜ்ஜிய பாகைக்கு உரியது, 30 பாகையில் அது 580 ஆகும். வாயுவில் மீத்தேன் 65 விழுக்காடு என்றால் மொத்தம் ஏறத்தாழ 900 கன மீட்டர். அதில் ஒரு பங்கு நுண்ணுயிர்ப் பெருக்கத்துக்கும், சிறிது வெளிநீரில் கரைந்தும் போகும். சி.ஓ.டி. அகன்றிருக்க, வாயு மட்டும் இதில் பாதியே வந்தால் ஓட்டையைத் தேடுங்கள். சி.ஓ.டி.யும் அகலவில்லை என்றால் நஞ்சைத் தேடுங்கள்.

நஞ்சு என்றால் மரவள்ளியில் முதலில் நினைவுக்கு வருவது சயனைடு. கிழங்கிலுள்ள லினமரின் அரைவையில் உடைந்து வெளிப்படுவது அது. ஆனால் நாள்தோறும் அதனுடனேயே பழகிய குருணை அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். கசப்பு மிகுந்த கிழங்கு வகை ஒரேயடியாக வந்து இறங்கும்போதுதான் வாயு இறங்கும், பிறகு தானே மீளும். குளோரின் அப்படிப்பட்டதன்று. ஓர் ஆலையில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வாயு விழுந்து வியாழக்கிழமை எழுவதைப் பார்த்து, ஊட்டம், வெப்பம், சுமை என்று மூன்று வாரம் அலைந்தோம். ஞாயிறு விடுமுறையில் மாவுத் தொட்டிகளைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, அந்த நீரைச் சமன்தொட்டிக்குள் விடுவது அங்கே வழக்கம் என்பதைக் காவலாளிதான் போகிறபோக்கில் சொன்னார். அந்த நீரைத் தனிக் குழியில் இரண்டு நாள் வெயிலில் வைத்து விடத் தொடங்கியதும் திங்கட்கிழமை நோய் நின்றது. பதிவேட்டில் இல்லாத வேலைகளையும் கேட்டறிய வேண்டும் என்பதை அதன் பின் என் கேள்விப் பட்டியலில் முதலிடத்தில் வைத்திருக்கிறேன்.

அறிகுறி: அழுகிய முட்டை நாற்றம் ஏறி, வாயுவின் எரிதிறன் குறைகிறது

சல்ஃபேட் உள்ளே வருகிறது. அதை உண்ணும் பாக்டீரியாக்கள் ஒவ்வொரு கிலோ சல்ஃபேட்டுக்கும் 0.67 கிலோ சி.ஓ.டி.யை மீத்தேன் ஆக்கிகளிடமிருந்து பறித்துக்கொள்வதோடு, விளைவாக வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு நஞ்சாகவும் அமைகிறது. சி.ஓ.டி. சல்ஃபேட்டைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருந்தால் எழும்பும் வாயுவே சல்ஃபைடை வெளியேற்றிவிடும்; விகிதம் அதற்குக் கீழே இறங்க இறங்கச் சிக்கல் தொடங்கும். பி.எச். 7இல் கரைந்த சல்ஃபைடில் பாதிதான் நஞ்சு வடிவில் இருக்கும், பி.எச்.சைச் சற்று உயர்த்தி வைத்தால் அந்தப் பங்கு குறையும் என்பது கைகொடுக்கும் செய்தி. சேகோவில் கந்தக அமிலம் சேர்க்கும் இடத்தைக் கண்டுபிடித்து அதைக் குறைப்பதே நேரான வழி. தோல் பதனிடும் கழிவுநீரில் இப்படி மூலத்தில் நிறுத்துவது எளிதன்று. கங்கைச் செயல் திட்டத்தின் கீழ் கான்பூரின் ஜாஜ்மாவில் கட்டப்பட்ட, நாளுக்கு 36 மில்லியன் லிட்டர் ஏற்கும் யூ.ஏ.எஸ்.பி. நிலையத்தில் அந்தக் கழிவுநீரை நகரச் சாக்கடையோடு கலந்து நீர்க்கச் செய்தே ஏற்றினார்கள்.

அறிகுறி: குருணை கனத்து, வெளுத்து, கல்லாகிறது

தட்டில் உருட்டும்போது மணலைப்போல் நறநறக்கும். ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் நுரைக்கும். முன்பு 0.75க்கு மேல் இருந்த எரியும் பகுதியின் பங்கு 0.5க்குக் கீழே இறங்கியிருக்கும். படியும் வேகம் அருமையாக இருப்பதால் ஆலையில் எவரும் கவலைப்படமாட்டார்கள். ஆக்கத்திறனை அளந்தால்தான் குருணைக்குள் உயிர் ஒடுங்கிவிட்டது தெரியும். லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள கடினநீர்க் கிணறுகளும், மேலே சொன்ன சுண்ணாம்பும் இதற்குக் காரணம். சுண்ணாம்பை விட்டுக் காஸ்டிக் சோடாவுக்கோ சோடா உப்புக்கோ மாறுங்கள். அடியில் கனத்துக் கிடப்பதை அடிவால்வு வழியே சிறிது சிறிதாக வெளியேற்றுங்கள். கல்லான குருணை மீண்டும் மென்மையாகாது.

கிழங்கு கழுவிய நீரிலிருந்து வரும் மண்ணும் அடியில் இப்படியே சேரும், ஆனால் அமிலத்துக்கு நுரைக்காது. மணல்பிடிக்கும் குழியைத் தூர்வாருங்கள். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

அறிகுறி: குருணை பொடிந்து, வெளிநீரில் கருந்தூளாக வருகிறது

திருப்பிவிடும் பம்பு எங்கிருந்து உறிஞ்சுகிறது என்று பாருங்கள். வெளிநீரின் மேற்பரப்புக்குப் பதிலாகச் சேற்றுப் படுகையிலிருந்து உறிஞ்சினால், வேகமாகச் சுழலும் மையவிலக்குப் பம்பு குருணையை அரைத்துவிடும். பம்பு காரணமில்லை என்றால், நீண்ட பட்டினியோ ஊட்டக் குறைவோ குருணையின் பிசினைக் கரைத்திருக்கலாம்.

சீசன் முடிந்து மீண்டும் தொடங்கும்போது

குருணை முதன்முதலில் கவனத்துக்கு வந்ததே சீசன் ஆலை ஒன்றின் கழிவுநீரில்தான். 1970களில் நெதர்லாந்தின் வாகனிங்கனில் கட்ஸே லெட்டிங்காவும் அவருடன் பணியாற்றியவர்களும் பீட்ரூட் சர்க்கரை ஆலைக் கழிவுநீரைக்கொண்டு இக்கலனை உருவாக்கினார்கள். ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே ஓடும் அந்த ஆலைகளில், இடைப்பட்ட மாதங்களில் உணவின்றிக் கிடந்த குருணை அடுத்த சீசனில் உயிர்த்தெழுந்தது. நம் சேகோ சீசனுக்கும் அதுவே பொருந்தும். கலனை வடிக்காமல், காற்றுப் புகாமல், நீர் நிரப்பி மூடி வைத்தால் குருணை மாதக்கணக்கில் தாங்கும். வடித்துவிட்டு, வெயிலில் காயவிட்டு, புதிதாகச் சாணம் கரைத்து ஊற்றும் ஆலைகள் ஆண்டுதோறும் முதல் மாதத்திலிருந்து தொடங்குகின்றன.

மீண்டும் தொடங்கும் முன் தட்டையும் புட்டியையும் எடுத்து இருப்பையும் ஆக்கத்திறனையும் அளந்து, பெருக்கி வரும் வலிமையில் பாதியளவு சுமையை மட்டும் முதல் வாரம் கொடுங்கள். வெளிநீரில் அமிலம் 200க்குக் கீழே மூன்று நாள் தொடர்ந்து நின்ற பின்பு, ஒவ்வொரு முறையும் கால் பங்குக்கு மிகாமல் ஏற்றிக்கொண்டு போங்கள். முதல் சில நாள்களில் பழைய குருணை கொஞ்சம் மிதந்து வெளியேறும்; அதை நறுக்கிப் பார்த்து, குழி விழுந்த முதிர்ந்தவைதானா என்று உறுதி செய்துகொண்டு, பேசாமல் போகவிடுங்கள்.